பிடிமண்ணும் பத்திரமும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது வீடு மாறுவதைப் பற்றி. இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பட்டணத்தில் வாடகைக்கு இருப்பவர் ஒரு லாரி பிடித்துச் சாமான்களை ஏற்றினால் அவர் வேலை முடிந்தது. ஆனால் மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து, வளர்ந்து, மணமுடித்து, மூத்தவர்களை அதே தோட்டத்து இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டு வாழ்ந்த ஒரு குடும்பம், ஒரு நாள் காலையில் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவது அப்படிப்பட்டதன்று. அந்தக் காலையில் நமக்குத் துணையாக வருவது எது, நாம் மறந்துவிடக் கூடாதது எது என்பதையே இந்த உரையில் சிந்திக்கப் போகிறோம்.

நமது பந்திங் வட்டாரத்தையே எடுத்துக் கொள்வோம். லங்காட் ஆற்றின் இரு பக்கமும், ஜூக்ரா குன்றின் அடிவாரத்திலிருந்து மோரிப் கடற்கரை வரையிலும், அந்தப் பக்கம் பாலத்தைக் கடந்து கேரித் தீவு வரையிலும், ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் தோட்டங்கள். சில தோட்டங்கள் இன்றும் செம்பனையோடு நிற்கின்றன. பல தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டப் பள்ளியில் வேலை செய்யும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு இந்த மாற்றம் முதலில் தெரிவது வருகைப் பதிவேட்டில்தான். ஆண்டு நடுவில் ஒரு பிள்ளையின் நாற்காலி காலியாக இருக்கும். "சார், அவங்க தோட்டத்தை விட்டுப் போயிட்டாங்க" என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்லும். எங்கே போனார்கள் என்று கேட்டால் கிள்ளான் என்று ஒரு பிள்ளை சொல்லும். பூச்சோங் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். சரியாகத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

நாங்களும் அப்படிப் போன குடும்பந்தான். ஆகவே ஊர்க் கதை சொல்வதற்கு முன்னால் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் இருந்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பந்திங் பட்டணத்திலிருந்து சைக்கிளில் போய்விடக் கூடிய தூரம். 1994ஆம் ஆண்டு அந்த நிலம் கைமாறியது. லயங்களை இடிக்கப் போகிறார்கள், குடும்பங்கள் வெளியேற வேண்டும் என்று செய்தி வந்தது. எங்கள் பாட்டி அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். ஆயாக் கொட்டகையில் தூளியில் கிடந்தது முதல், பால் வாளி சுமந்தது, பேரப்பிள்ளைகளை அதே கொட்டகையில் விட்டது வரை எல்லாம் அங்கேதான். வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி, இரண்டு பசு மாடு. பசுக்களைக் கிள்ளான்காரர் ஒருவருக்கு விற்றோம். மாட்டை லாரியில் ஏற்றிய அன்று பாட்டி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

புறப்படும் நாள் காலையில் பாட்டி விடிவதற்கு முன்பே எழுந்து வாசலைக் கூட்டிச் சாணம் தெளித்துக் கோலம் போட்டார். பக்கத்து வீட்டு அத்தைக்கு ஆச்சரியம். "ஏன் பாட்டி, இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்குக் கோலம்?" என்று கேட்டார்.

"இடிக்கிறது அவங்க வேலை. கூட்டுறது என் வேலை. இத்தனை வருசம் நிழல் கொடுத்த வீடு. அழுக்கா விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது" என்றார் பாட்டி.

பிறகு கோயிலுக்குப் போனார். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டார். இது பாட்டியாகக் கண்டுபிடித்த வழக்கமன்று. பாட்டியின் தகப்பனார் தமிழகத்திலிருந்து கப்பலேறும்போது தம்முடைய ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டு வந்தாராம். காட்டை அழித்து, முதல் ரப்பர்க் கன்று நட்ட காலத்தில் ஒரு கல்லை நிறுத்தி, அந்த மண்ணை அதன் அடியில் போட்டு அம்மனை அழைத்தார்களாம். வீட்டுப் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லி வந்த கதை இது. ஊர் மாறிப் போகிறவர்கள் குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துச் சென்று புதிய இடத்தில் கோயில் கட்டுவது தமிழகத்துக் கிராமங்களில் இன்றும் காணக்கூடிய வழக்கம்.

நேயர்களே, இந்த வழக்கத்தின் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தெய்வம் ஒரே இடத்தில்தான் இருக்கும், அந்த இடத்தை விட்டால் நம்மைக் கைவிட்டுவிடும் என்று நம் முன்னோர் நினைத்திருந்தால் அவர்கள் கப்பலேறியிருக்கவே மாட்டார்கள். ஆகம முறையிலும் இதற்கு வழி இருக்கிறது. கோயிலைப் புதுப்பிக்கும்போதும் இடம் மாற்றும்போதும் மூர்த்தியின் சக்தியைக் கும்பத்து நீருக்கு மாற்றி, பாலாலயத்தில் வைத்து வழிபட்டு, புதிய கோயில் ஆனதும் மீண்டும் மூர்த்தியில் சேர்க்கிறார்கள். தெய்வமே இடம் மாறிச் செல்ல ஒரு முறை வகுத்திருக்கும்போது மனிதர்களாகிய நாம் இடம் மாறுவதைக் குடி கெட்டுப் போவதாக எண்ண வேண்டியதில்லை. கிறிஸ்துவ, இஸ்லாமிய அன்பர்களும் தங்கள் வேதங்களில் ஊர் விட்டு ஊர் போன பெரியோர்களின் வரலாற்றை அறிந்தவர்களே.

நம் சமூகத்தின் வரலாறும் இடம் பெயர்ந்த வரலாறுதான். கங்காணிமார் ஆள் சேர்த்துக் கொண்டு வந்த முறை 1938ஆம் ஆண்டோடு நின்றது. அதற்கு முன் வந்தவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், இறங்கினார்கள். ஜப்பானியர் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. போருக்குப் பின் 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் பெரிய தோட்டங்களைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். துண்டாடிய நிலத்தில் வேலையும் இல்லை, லயமும் இல்லை.

அந்த நெருக்கடியில்தான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று, பால் வெட்டும் மக்களிடமே அந்தப் பணத்தைத் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்கினார்கள். 1961ஆம் ஆண்டு கெடாவில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றில் முதலாவது. அன்றைய தொழிலாளிகளும் தெய்வத்தை நம்பியவர்கள்தாம். நம்பிக் கொண்டே மாதம் 10 வெள்ளி கட்டினார்கள், கட்டியதற்கு ரசீதும் வாங்கி வைத்துக் கொண்டார்கள். இந்த ரசீது என்ற சொல்லை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவோம்.

1969ஆம் ஆண்டுக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் வேலை இழந்து, ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, தாங்கள் பார்த்தே இராத ஊருக்குத் திரும்பிப் போனார்கள். அவர்களில் இங்கேயே பிறந்தவர்களும் இருந்தார்கள். பிறந்ததற்குப் பத்திரம் இல்லை, பதிந்து வைக்கவில்லை, விண்ணப்பம் போட வேண்டிய காலத்தில் போடவில்லை. எல்லாருக்கும் காரணம் ஒன்றே என்று சொல்லமாட்டோம். ஆனால் ஒரு காகிதம் இல்லாததால் ஒரு நாட்டையே விட்டுப் போக நேர்ந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பது உண்மை.

கடலுக்கு அப்பால் இலங்கை மலையகத்திலும் இதே துயரம் நடந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக் கொள்வதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்றுக் கொள்வதென்றும் இரண்டு அரசாங்கங்களும் முடிவு செய்தன. லயத்து மக்களை யாரும் கேட்கவில்லை. தேயிலை மலையில் நூறாண்டு வாழ்ந்த குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னாருக்கு வந்து, அங்கே கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கின. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968ஆம் ஆண்டு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அப்படி வந்தவர்கள் கையில் குடும்ப அட்டை என்று ஓர் அட்டை இருந்தது. மறுவாழ்வு உதவி கேட்கப் போன இடத்திலெல்லாம் முதலில் கேட்ட கேள்வி "அட்டை எங்கே?" என்பதுதான். சாமிப் படத்தோடு அந்த அட்டையையும் பத்திரமாகச் சுற்றிக் கொண்டு வந்த குடும்பங்களுக்கு வழி சற்று எளிதாயிற்று.

மறுபடியும் நம் பக்கத்துக்கு வருவோம். பந்திங்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத டெங்கிலுக்கு அருகே பிராங் புசார் என்று ஒரு பெரிய ரப்பர்த் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேயர்கள் உருவாக்கிய தோட்டம் அது. பெயருக்கே பெரும் போர் என்றுதான் பொருள். பி.பி. 86 என்று பால் வெட்டுகிறவர்கள் சொல்லும் ரப்பர் இனத்தில் பி.பி. என்பது இந்தத் தோட்டத்தின் பெயர்தான். அந்தத் தோட்டமும் அக்கம்பக்கத் தோட்டங்களும் இருந்த இடத்தில்தான் 1995ஆம் ஆண்டு முதல் புத்ராஜெயா நகரம் எழுந்தது. நான்கு தோட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. பின்னால் தரை வீடு கிடைக்கும் என்ற வாக்கை நம்பியே அங்கே போனோம் என்று அந்த மக்கள் சொல்லி வந்தார்கள். அந்தத் தரை வீட்டுக் கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீண்டது. அன்று சிறு பிள்ளைகளாக மாடி ஏறியவர்கள் தாங்களே பெற்றோர்களான பிறகும் அந்தக் கோரிக்கை ஓயவில்லை.

இவற்றையெல்லாம் எதற்காகச் சொல்கிறோம்? தெய்வத்தை நம்புவது வேறு. வாய்ப்பேச்சை நம்புவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டதால்தான் நம்மில் பலர் ஏமாந்திருக்கிறோம். எங்கள் குடும்பமும் அப்படி ஏமாந்தது.

எங்கள் தந்தையார் அந்தத் தோட்டத்தில் 27 ஆண்டு வேலை செய்தவர். படிக்காதவர் அல்லர். தமிழ் நேசன் வந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். மலாய் பேசுவார், ஆனால் படிக்க வராது. தோட்டம் மூடும் மாதத்தில் எல்லாரையும் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டால் ஒரு சிறு தொகை கையில் கிடைத்தது. வீடு கட்டித் தருவார்கள் என்றும் அங்கே ஒருவர் வாயால் சொன்னார். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, கோயிலுக்கு வந்து சூடம் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்தார்.

வீடு வரவில்லை. பந்திங் பட்டணத்தை ஒட்டி ஒரு பலகை வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். அப்பா கட்டுமான வேலைக்குப் போனார். அம்மா தெலுக் பங்ளிமா காராங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அதிகாலை ஐந்து மணிக்குப் பேருந்து.

சில ஆண்டு கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போடுவதற்காகப் பிறப்புப் பத்திரத்தைத் தேடித் தகரப் பெட்டியைக் குடைந்தோம். அதற்குள் மடித்து வைத்த ஒரு காகிதம் கிடைத்தது. அப்பா கையெழுத்துப் போட்ட அதே காகிதத்தின் நகல். மலாயில் தட்டெழுத்தில் இருந்ததை நாங்கள் சத்தமாகப் படித்துப் பொருள் சொன்னோம். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக் கொள்கிறேன், மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் போட்டாங்க. அம்மன் மேல பாரத்தைப் போட்டு நானும் போட்டேன்" என்றார்.

மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "பாரத்தை அம்மன் மேல போடலாண்டா. கையெழுத்து நம்மதுதானே?" என்றார்.

அன்று பாட்டி கேட்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். சொந்த விருப்பத்தில் விலகினால் சட்டம் தரும் தொகை கிடைக்காது. வேலை நிறுத்தப்பட்டால் கிடைக்கும். ஒரு வரியில் இருக்கிறது வேறுபாடு. அந்த ஒரு வரியில் 27 ஆண்டு உழைப்பு போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பென்சில் இருந்தால் குறித்துக் கொள்ளுங்கள்.

வேலை நிறுத்தச் சலுகைகளைப் பற்றிய விதிமுறைகள் 1980ஆம் ஆண்டு வந்தவை. ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்த தொழிலாளிக்கு, ஆள் குறைப்பு, தோட்டம் மூடல் போன்ற காரணங்களால் வேலை போனால் இந்தச் சலுகை உண்டு. இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். கடைசி 12 மாதச் சம்பளத்தைக் கொண்டு ஒரு நாளைய சராசரியைக் கணக்கிடுவார்கள். பேச்சுக்காக நாள் சராசரி 50 வெள்ளி என்றும், சேவை 20 ஆண்டு என்றும் வைத்துக் கொள்வோம். இருபது இருபது நானூறு நாள். நானூறு நாளுக்கு 20,000 வெள்ளி. ஒரு வீட்டின் முன்பணத்துக்கும் மேலாகவே ஆகும்.

முன்னறிவிப்பும் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், இரண்டு ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். முன்னறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். தோட்டம் கைமாறி, புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாகச் சொன்னால் நிலைமை வேறாகும். ஓய்வு வயதை எட்டி விலகுகிறவர்களுக்கும் இந்தத் தொகை பொருந்தாது. ஆகவே உங்கள் நிலைமை எது என்பதைத் தொழிலாளர் இலாகாவிலோ, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திலோ கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகே பேனாவை எடுங்கள்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. நம்மில் பலர் அதை 55 வயதில் வாங்கும் பணம் என்று மட்டும் நினைக்கிறோம். வீடு வாங்கவும் அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் சேமிப்பை மூன்று கணக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு உரியது செஜாத்தரா என்ற கணக்கு. நாங்கள் ஒன்பது ஆண்டு வாடகை வீட்டில் இருந்துவிட்டு, அப்பாவின் சேமநிதியிலிருந்து ஒரு பகுதியை எடுத்துத்தான் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். 1998ஆம் ஆண்டு வரை அரசாங்கம் வரையறுத்த மலிவு விலை 25,000 வெள்ளி. நாங்கள் வாங்கும்போது விலை கூடிவிட்டது. இது முன்பே தெரிந்திருந்தால் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே மனுப் போட்டிருக்கலாம். சேமநிதியில் வாரிசின் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா என்பதையும் இந்த வாரமே பாருங்கள்.

தோட்டம் மூடினால்தான் இந்தக் கவலை என்று எண்ண வேண்டாம். லயத்து வீடு வேலையோடு சேர்ந்த வீடு. குடும்பத்தலைவர் ஓய்வு பெற்றாலே வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். இன்று நாற்பது வயதில் இருக்கும் செம்பனை அறுவடைக்காரர் இன்னும் இருபது ஆண்டுக்குள் எப்படியும் வீடு மாற வேண்டியவர்தான். அதற்கு இன்றே ஒரு கணக்குப் புத்தகம் தொடங்குவது நல்லது.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு தனி விண்ணப்பம். சாமி மாடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தகரப் பெட்டி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், அடையாளக் கார்டின் நகல், சேமநிதி, சொக்சோ அறிக்கைகள், மாதச் சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளி அறிக்கை, தடுப்பூசிக் கார்டு எல்லாம் அதற்குள் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்தப் பெட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். யாருக்காவது பிறப்புப் பத்திரம் இல்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். தோட்டத்தை விட்டுப் போகும் நாளில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

இன்னொன்று. மலாயில் வரும் எந்தக் காகிதத்தையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் பள்ளிக்கு எடுத்து வாருங்கள். தோட்டப் பள்ளி ஆசிரியர் உங்கள் வீட்டு ஆள்தான். "நாளைக்குப் போடுகிறேன்" என்று சொல்லிக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டு வரக் கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு நாள் கூடப் பொறுக்க முடியாத காகிதம் என்றால் அதைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். வீடு தருகிறோம் என்று சொன்னால் எங்கே, எப்போது, என்ன விலைக்கு, யார் பெயரில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நிலத்தைப் பற்றி ஐயம் இருந்தால் தெலுக் டத்தோவில் உள்ள கோல லங்காட் நில அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

தனித்தனியாகப் போகாதீர்கள். எங்கள் லயத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு நாளில், ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொள்ளாமல் கையெழுத்துப் போட்டது. அதனால் பின்னால் கேள்வி கேட்கவும் நாதி இல்லாமற் போயிற்று. தோட்டம் முழுவதும் ஒரு பட்டியல் எழுதி, நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தால் பேச்சு வேறு விதமாக இருந்திருக்கும். கோயிலுக்கும் இதே விதிதான். பல தோட்டக் கோயில்கள் கம்பெனி நிலத்தில் நிற்பவை. கோயிலைப் பெயர்ப்பதற்கு முன்னால் புதிய இடத்துக்கு எழுத்துப் பூர்வமான ஏற்பாடு வேண்டும். தமிழ்ப்பள்ளியையும் மறவாதீர்கள். பள்ளியின் உரிமத்தை வேறு இடத்துக்கு மாற்ற வழியுண்டு. 1957ஆம் ஆண்டு நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. தோட்டம் கலைந்தபோது பள்ளியைக் கேட்டுப் பெறாத இடங்களும் இந்தக் குறைவில் அடங்கும்.

பிள்ளைகளை இடையில் விடாதீர்கள். புறப்படுவதற்கு முன்னால் தலைமையாசிரியரைப் பார்த்து மாற்றுச் சான்று வாங்குங்கள். லாரி வரும் நாளைத் தெரிந்து கொள்ளும் நாம், பிள்ளை சேரப் போகும் பள்ளியையும் தெரிந்து கொண்டால் அந்தக் காலி நாற்காலி வேறொரு வகுப்பில் நிறைந்துவிடும்.

நேயர்களே, பாட்டியின் பிடிமண் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஒன்பது ஆண்டும் பலகை வீட்டுச் சாமி மாடத்தில் மஞ்சள் துணியிலேயே இருந்தது. சொந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று பாட்டி அதை எடுத்து வந்தார். வரும்போது தோட்டத்து முருங்கையிலிருந்து ஒரு போத்தும் வெட்டி வந்து வாடகை வீட்டு வேலியோரம் நட்டு வைத்திருந்தோம். அது மரமாகியிருந்தது. அதிலிருந்து ஒரு கிளை வெட்டிப் புதிய வீட்டின் பின்புறத்தில் நட்டோம். குழியில் அந்தப் பிடிமண்ணைப் போட்டு, மேலே மண் தள்ளி, தண்ணீர் ஊற்றினார் பாட்டி. பிறகு உள்ளே வந்து, வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் சற்று நேரம் வைத்து எடுத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார்.

"இப்பத்தான் ரெண்டும் சேர்ந்துச்சு" என்றார்.

பாட்டி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. முருங்கை இன்னும் காய்க்கிறது. அக்கம்பக்கத்தில் சீனர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் கீரை ஒடித்துக் கொடுக்கிறோம்.

இன்று லயத்தில் இருந்து கொண்டு இந்த உரையைக் கேட்கும் குடும்பங்களே, உங்களுக்கும் ஒரு நாள் அந்தக் காலை வரலாம். வந்தால் கலங்க வேண்டாம். வாசலைக் கூட்டிக் கோலம் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். எந்தத் தெய்வத்தை வணங்குகிறீர்களோ அந்தத் தெய்வம் உங்களோடு வரும். பத்திரம் மட்டும் தானாக வராது. அதை நாம்தான் கேட்டு வாங்கி, படித்துப் பார்த்து, கையில் எடுத்துக் கொண்டு போக வேண்டும்.